ஆல்டோ நின்ற பக்கம்

யாகினுமா தன் வீட்டுத் தோட்டத்தில் சொந்தமாக ஒரு மின்கம்பம் நட்டு வைத்திருந்தார். அக்கம்பக்கத்து ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் எச்சில் பண்ணிய மின்சாரம் தன் ஆம்ப்ளிஃபயருக்குள் நுழையக் கூடாதாம். ஜப்பானில் அந்தக் கொரியாமா ஊரில் பாட்டுக் கேட்கும் பைத்தியங்கள் நிறைய உண்டு. கம்பம் நட்ட பைத்தியம் இவர் ஒருவர்தான். அவர் மனைவி மிசாவோ அந்தக் கம்பத்துக்கு ‘ரெண்டாந்தாரம்’ என்று பேர் வைத்திருந்தாள். காலையில் ஜன்னலைத் திறந்ததும், "ஏங்க, உங்க ரெண்டாந்தாரம் தலையில காக்கா உக்காந்திருக்கு" என்பாள்.

முப்பத்தெட்டு வருஷம் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். ஓய்வு பெற்ற கையோடு தரையில் எட்டுப் பாய் பதித்த அறையின் பாய்களைப் பெயர்த்துவிட்டு, அதைப் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவுமான அறையாக மாற்றினார். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, நடுவில் ஒரே ஒரு நாற்காலி. உட்காருபவரின் காதிலிருந்து ஐந்து ஸ்பீக்கரும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்று நூல் பிடித்து அளந்தார். காது இருக்க வேண்டிய உயரத்தில் மைக்கை நிறுத்தி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ‘புஸ்’ஸென்று இரைச்சல் வரவைத்து, கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார். விருந்தாளி யாராவது நாற்காலியை ஒரு சாண் நகர்த்திவிட்டால் அவர் முகம் சுண்டிப்போகும். இதிலெல்லாம் அவரைக் குறை சொல்ல முடியாது. குறை வேறொரு இடத்தில், கடுகளவு எழுத்தில் இருந்தது.

யாகினுமா ஊர்ப் பாடகர் குழுவில் பேஸ், அதாவது ஆண்களில் கனத்த குரல். வாரா வாரம் வியாழக்கிழமை மதியம் பொதுக்கூடத்தில் பயிற்சி. போன வருஷம் வசந்தத்தில், சாக்கே என்னும் அரிசி மது செய்யும் பழைய வடிசாலைக் கிடங்கு ஒன்றில் ஒரு கச்சேரி நடந்தது. கேட்பவர்களை நடுவில் உட்காரவைத்து, பாடுபவர்கள் சுற்றி நின்றார்கள். மெல்லிய குரல் பெண்கள் முன்னால், ஆண்கள் இரண்டு பக்கமும், ஆல்டோ என்னும் கனத்த குரல் பெண்கள் பின்னால். பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஐந்து மைக் வைத்து அதைப் பதிவு செய்து, இசைத்தட்டாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரே தட்டில் இரண்டு பதிப்பு: சாதாரண வீட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் பதிப்பு, யாகினுமா போன்றவர்களுக்கு, ஐந்து ஸ்பீக்கரிலும் தனித்தனியாக வரும் உயர்தரப் பதிப்பு.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழுவிலிருந்து எட்டுப் பேர் அதைக் கேட்க அவர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவருக்கு ஒரு பாட்டு என்று முறை வைத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மூன்றாவதாக உட்கார்ந்தவர் ஹாகா ஃபுமியே. அறுபத்தெட்டு வயது, முப்பத்தொரு வருஷமாக ஆல்டோ. பாட்டு முடிந்ததும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"யாகினுமா சான், நாங்க பின்னாடிதானே நின்னோம்? எங்க குரல் முன்னாடி இருந்தும் வருதே. எல்லாரும் எல்லாப் பக்கமும் நிக்கிற மாதிரி கேக்குது."

அறையில் அத்தனை பேரும் இருந்தார்கள். யாகினுமாவுக்குக் கழுத்து சூடானது. கம்பம் வைத்த வீட்டில் வந்து இப்படி ஒரு கேள்வியா!

"தப்பா எடுத்துக்காதீங்க, ஹாகா சான். வயசானா காதுல முதல்ல போறது திசைதான். சத்தம் கேக்கும், எங்கேயிருந்து வருதுன்னு பிடிபடாது. மெஷின் பொய் சொல்லாது."

ஹாகா சான் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "அப்படியா! பாருங்களேன், எனக்கே தெரியல."

மற்றவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். குழுவை நடத்தும் ஆசிரியர் நெமோட்டோ சென்செய், "இந்த வருஷம் பெர்சிமன் பழம் நல்ல இனிப்பு" என்றார். அதற்குப் பின் உட்கார்ந்த ஐந்து பேரும் ‘அடடா’ என்றும் ‘உடம்பு சிலிர்த்துப்போச்சு’ என்றும் சொல்லிவிட்டு எழுந்தார்கள்.

டிசம்பரில் ஹாகா சானிடமிருந்து குழுவுக்குக் கடிதம் வந்தது. காது சரியில்லாத ஒருத்தி வரிசையில் நின்றால் பக்கத்தில் பாடுபவர்களுக்குத் தொந்தரவு, ஆகவே விலகிக்கொள்கிறேன், இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. நெமோட்டோ சென்செய் அதைப் படித்து முடித்ததும் எல்லாரும் பாட்டுத் தாளைப் பார்த்தார்கள். யாகினுமா மட்டும், "தன் குறை தனக்குத் தெரியறது பெரிய குணம்" என்றார்.

இந்த வருஷம் ஆகஸ்டில் இடி இடித்தது. பக்கத்தில் எங்கோ விழுந்ததில் யாகினுமாவின் பிளேயர் மரத்துப்போய், எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. கையேட்டைப் பார்த்து, எல்லா அமைப்பையும் அழித்து, பெட்டியிலிருந்து எடுத்த அன்றிருந்த நிலைக்குக் கொண்டுவந்தார். பரிசோதிக்கக் கைக்குக் கிடைத்தது வடிசாலைத் தட்டு. போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

இரண்டாவது வரியில் தூக்கிவாரிப்போட்டது. ஆல்டோ முழுவதும் அவர் முதுகுக்குப் பின்னால் பாடியது. முன்னால் ஒருத்தி கூட இல்லை. உடனே கடைக்காரர் செகினேயைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"செகினே, இடியில போர்டு போயிடுச்சுப்பா. ஆல்டோ பின்னாடி ஸ்பீக்கர்ல மட்டும் வருது."

"அடடா. முகப்புல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

"‘மல்டி’ன்னு இருக்கு."

"சரி. அஞ்சு ஸ்பீக்கர் பதிப்புதான் ஓடுது. பதிவு பண்ணினப்ப ஆல்டோ எங்கே நின்னாங்க?"

யாகினுமா பின் ஸ்பீக்கர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ஹலோ, இருக்கீங்களா?"

"பின்னாடி."

"அப்ப சரியாத்தானே வருது? இதுக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன எழுதியிருந்துச்சு?"

இரண்டு என்று எழுதியிருந்தது. முகப்பின் இடது மூலையில், நாலு வருஷமாக. முதன்முதலில் சாமான்கள் வந்தபோது பின் ஸ்பீக்கர்கள் ஒரு வாரம் தாமதமாயின. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று பிளேயரை இரண்டு ஸ்பீக்கர் பதிப்புக்கு மாற்றி வைத்தார். பிறகு பின் ஸ்பீக்கர்கள் வந்தன, நூல் பிடித்தார், மைக் வைத்தார், கம்பம் நட்டார். அதை மட்டும் திருப்பவில்லை. ஆம்ப்ளிஃபயர் பாவம், கிடைத்த இரண்டையே ஐந்து வாய்க்கும் பங்கு வைத்து ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"அது... நிறையப் பேர் பண்றதுதான், யாகினுமா சான்" என்றார் செகினே, நோயாளியிடம் பேசும் குரலில். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

யாகினுமா பாட்டை மறுபடி போட்டார். இப்போது ஒவ்வொரு குரலும் தனித்தனியாக நின்றது. பின்னால், வலது ஓரத்தில், மற்றவர்களுக்கு ஒரு மயிரிழை முன்பாகச் சொல்லைத் தொடும் குரல் ஒன்று இருந்தது. அது ஹாகா சானுடையது. முப்பத்தொரு வருஷப் பழக்கம். யாகினுமாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து பிளேயரை நிறுத்திவிட்டார்.

வாசலில் மிசாவோ நின்றிருந்தாள். தொலைபேசியில் பேசியதை முழுக்கக் கேட்டிருக்கிறாள்.

"மெஷின் பொய் சொல்லாதுன்னீங்களே. அப்ப யாருங்க சொன்னது?"

"நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன்."

"இனிப்புப் பெட்டி வாங்கிக்கிட்டுப் போங்க. கனமான பெட்டியா."

நாளை என்றது ஒன்பது நாளானது. முதலில் முன்னோர் வழிபாட்டு நாட்கள் குறுக்கே வந்தன, பிறகு வெயில், பிறகு முழங்கால் வலி. பத்தாவது நாள், ஆகஸ்டு வெயிலில் கோட்டு மாட்டி, மன்னிப்புக்கு ஏற்ற கனத்தில் ஒரு இனிப்புப் பெட்டியோடு புறப்பட்டார். காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்றுதான் எண்ணம். வழியெல்லாம் வாக்கியத்தைச் செதுக்கினார். செதுக்கச் செதுக்க அதில் ‘நான்’ தேய்ந்து ‘மெஷின்’ வளர்ந்தது.

ஹாகா சான் குளிர்ந்த பார்லித் தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஒன்பது மாதத்தில் ஆள் சிறுத்துப்போயிருந்தார்.

"மெஷின்ல ஒரு கோளாறு, ஹாகா சான். இப்ப சரியாயிடுச்சு. ஆல்டோ பின்னாடிதான் கேக்குது. நீங்க சொன்ன மாதிரியே."

"அட, சந்தோஷம். எப்ப கோளாறாச்சு?"

"இந்த... இடி விழுந்துச்சே, அப்ப."

ஹாகா சான் தேநீரை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "அப்ப நவம்பர்ல நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். குத்தலே இல்லை அதில். "நீங்க அன்னைக்குச் சொன்னதும் நல்லதுக்குத்தான். இல்லேன்னா நான் பாட்டுக்கு சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

"சைக்கிளா?"

"விட்டுட்டேன். பின்னாடி வர்ற வண்டி எந்தப் பக்கம்னு தெரியாம நான் அடிபட்டா, ஓட்டுற மனுஷருக்குல்ல தொந்தரவு? கடைக்கு நடந்தே போயிடறேன். தெருவுல யாராவது கூப்பிட்டா உடனே திரும்பறதில்ல. தப்பான பக்கம் திரும்பிட்டா அவங்களுக்குச் சங்கடம் பாருங்க."

"டாக்டர்கிட்ட..."

"எதுக்கு? உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவரே சொன்னப்புறம்."

இங்கே அவர் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது, வந்தது, "உடம்பைப் பாத்துக்கோங்க" என்பதுதான். தேநீரைக் குடித்தார், குனிந்து வணங்கினார், செருப்பறைக்கு வந்து ஷூவை மாட்டிக்கொண்டு வெளியேறினார். தெருமுனை சிக்னல் வரை, மீசையில் மண் ஒட்டவில்லை என்று ஒரு நிம்மதிகூட இருந்தது.

சிக்னல் பச்சையானது. அவர் கால் எழும்பவில்லை. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. ஒரு பொத்தானைத் திருப்ப மறந்தது மறதி. தெருவில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பப் பயப்படும் ஒரு பெண்ணை அப்படியே விட்டுவிட்டு, அவள் கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டு வந்திருப்பதற்கு என்ன பேர்? யாகினுமாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. திரும்பி நடந்தார், கடைசி முப்பது அடி கிட்டத்தட்ட ஓடினார்.

ஹாகா சான் இன்னும் இனிப்புப் பெட்டியைச் சுற்றியிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். யாகினுமா செருப்பறையிலேயே நின்று, மூச்சு வாங்கச் சொன்னார்.

"நவம்பர்லயும் தப்புதான். நாலு வருஷமா தப்பு. மெஷின்ல கோளாறே இல்ல, நான் ஒரு அமைப்பை மாத்த மறந்துட்டேன். உங்க காதுல ஒண்ணும் இல்ல. நீங்க சொன்னது அத்தனையும் சரி."

ஹாகா சான் இந்த முறை வாயை மூடிச் சிரிக்கவில்லை. துணியை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"அன்னைக்கு என்னைச் சேர்த்து எட்டுப் பேர் இருந்தோம், இல்லையா?"

"ஆமா."

"மத்த ஏழு பேரும் வியாழக்கிழமை பயிற்சிக்கு வருவாங்கதானே?"

"வருவாங்க."

"நானும் வர்றேன்." பெட்டியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். "இதையும் அங்கேயே கொண்டாங்க. இத்தனையும் நான் ஒருத்தி எப்படித் தின்ன முடியும்?"

வியாழக்கிழமை பொதுக்கூடத்தில் இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். ஹாகா சான் கதவோரம் நின்றுகொண்டார். யாகினுமா பியானோவுக்குப் பக்கத்தில் போய் நின்று, இடுப்பு வரை குனிந்து, குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். மறந்தது, வயதைச் சொல்லி அவமானப்படுத்தியது, போன வாரம் பொய் சொன்னது. ‘பெரிய குணம்’ என்று சொன்னதையும் விடவில்லை.

நிமிர்ந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவருக்கு விளங்கவில்லை. நெமோட்டோ சென்செய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

"எனக்கும்" என்றார் டெனர் என்னும் மெல்லிய ஆண் குரல் வரிசையில் ஒருவர்.

"எனக்கும்தான். நீங்க அவ்வளவு பாடுபட்டு அமைச்சிருந்தீங்க... எப்படிச் சொல்றதுன்னு..." என்றாள் ஒரு பெண். அன்று வந்திருந்த மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள்.

ஏழு பேருக்கும் கேட்டிருக்கிறது. ஏழு பேரும் அவர் முகம் வாடக் கூடாதென்று பெர்சிமன் பழம் பேசியிருக்கிறார்கள். அவர்களின் இரக்கத்தில்தான் இத்தனை நாள் நிபுணராக உட்கார்ந்திருந்தார். அதற்கான விலையை, வாயைத் திறந்த ஒரே ஒருத்தி கொடுத்திருக்கிறாள். இதற்கு மேல் குனிய இடுப்பில் இடமில்லை. தலையைக் குனிந்துகொண்டார். இப்போது குனிந்த தலை அவருடையது மட்டும் இல்லை.

"அப்ப எல்லாருக்கும் கேட்டிருக்கு" என்றார் ஹாகா சான் கதவிலிருந்து.

அவர் நிதானமாக நடந்து வந்தார். ஆல்டோ வரிசையில் இரண்டு பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் அங்கே போகவில்லை. சுவரோரம் சாய்த்திருந்த மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்து, எல்லாருக்கும் எதிரே விரித்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"பாடுங்க. கேக்கறேன்."

நெமோட்டோ சென்செய் கையைத் தூக்கினார். பாடினார்கள். மோசமாகப் பாடினார்கள், குனிந்த தலையோடு வேறு எப்படிப் பாட முடியும்? எட்டு வரி போவதற்குள் ஹாகா சானின் கை உயர்ந்தது.

"ஒருத்தர் சுருதி இறங்கறீங்க. கடைசி வரிசை. என் இடது கைப் பக்கத்து ஓரத்துல இருந்து மூணாவது ஆள்."

யாரும் அந்த ஓரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தான்" என்றார் யாகினுமா.

"தெரியும்" என்றார் ஹாகா சான், திரும்பாமலே. "முதல்லேருந்து பாடுங்க."