ஒருவரும் எழும்பக்கூடாது

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குச் சுதாஜினியின் முற்றத்தில் இருபத்தைந்து பெண்கள் எழுந்து நின்று, வலது கையை முன்னால் நீட்டி, உறுதிமொழி எடுத்தார்கள். நெடுங்கேணிக்கு அப்பால், குளத்துக்குக் கீழே இருக்கிற இரண்டாம் யூனிற் குடியேற்றத்தில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு இவர்கள் வரிசையில் நின்று எதையாவது ஒப்பித்தது இந்தக் கடன் கொம்பனி வந்த பின்புதான். முன்னால் நின்று சொல்லிக் கொடுத்தவர் கிருசாந்தன். கொம்பனியின் வெளிக்கள உத்தியோகத்தர், வாரா வாரம் தவணைக் காசு வாங்க வருபவர். அவர் ஏறி வந்த மோட்டார் சைக்கிளும் அதே கொம்பனியின் லீசிங் கடனில் எடுத்ததுதான் என்பது ஊருக்குத் தெரியும். தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஐவரில் ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்டுவோம். எல்லோரும் கட்டி முடியும்வரை எவரும் கூட்டத்தைவிட்டு எழும்பமாட்டோம்."

வழக்கமாக இது வாய்க்குள்ளேயே தொடங்கி வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். அன்று குளக்கட்டில் மாடு மேய்த்தவர்களுக்கும் கேட்டது. கிருசாந்தனுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. ஒரு வருடமாகத் தான் பட்ட பாடு வீண்போகவில்லை என்று நினைத்தார்.

அந்த உறுதிமொழியை எழுதியவர் யாரென்று தெரியாது. கொழும்பில் ஏசி போட்ட அறையில் இருந்து எழுதியிருப்பார். ஆனால் கெட்டிக்காரர். காசு பிரிக்க அடியாள் வைத்தால் சம்பளம் கொடுக்கவேண்டும், பொலிஸ் வழக்கு என்று வரும். அயல் வீட்டுக்காரியையே அடியாளாக்கிவிட்டால் ஒரு செலவும் இல்லை. அவளே குடிக்கப் பிளேன்ரீயும் ஊற்றித் தருவாள். இதற்குக் கொம்பனி வைத்த பெயர் மகளிர் வலுவூட்டல். சுவரில் மாட்டுகிற கலண்டரில்கூட அப்படித்தான் அடித்திருந்தது.

அந்த வலு மூன்று கிழமைக்கு முன்னர் விமலேஸ்வரியின் வீட்டு வாசற்படலையில் போய் நின்றது. விமலேஸ்வரிக்கு நாற்பத்தெட்டு வயது. புருசன் போன பிறகு லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின் ஒன்றை அதே கொம்பனியின் லீசிங்கில் எடுத்து, தானே கைபிடித்து உழுது, தன்னுடைய இரண்டு ஏக்கரையும் பார்த்து, மற்றவர்களுக்கும் கூலிக்கு உழுது கொடுத்து வந்தவர். போன போகம் வெள்ளத்தில் போயிற்று. குழுக்கடன் கட்ட முடியவில்லை. மற்ற நாலு பேரும் இரண்டு கிழமை தங்கள் கையால் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் கிழமை ஒன்றாகப் போய்ப் படலையில் நின்றார்கள். குழுத்தலைவி சுதாஜினிதான் வாய் திறந்தார்.

"மகளின்ர காதில கிடக்கிறது பவுன்தானே அக்கா. பித்தளை இல்லையே."

விமலேஸ்வரி மகள் யதுர்ஷிகாவைக் கூப்பிட்டு, அந்த இடத்திலேயே தோட்டைக் கழற்றினார். ஒரு தோட்டின் திருகுச்சுரை இறுகிக் கிடந்தது. அது கழன்று வரும்வரை நாலு பெண்களும் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பிள்ளை தலையைச் சரித்தபடி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். தோட்டுக் காசு இரண்டு கிழமைக்குப் போதுமாயிருந்தது. சுதாஜினிக்கு அந்தப் பார்வை இன்னும் முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை விடிய மெசின் போய்விட்டது. யூனிற்றில் ஒவ்வொரு மெசினையும் சத்தத்தில் தெரியும். விமலேஸ்வரியினது மூன்றாம் சுற்றில் ஸ்டார்ட் பிடிக்கும், அவர் கைபிடி போட்டுச் சுற்றினால். அன்று ஏழெட்டுத் தரம் சுற்றியும் பிடிக்காமல் திணறுகிற சத்தம் கேட்டுத்தான் சுதாஜினி வெளியே ஓடிவந்தார். லீசிங் தவணை தப்பியதென்று கொம்பனி லொறியில் நாலு ஆண்கள் மெசினைத் தள்ளி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விமலேஸ்வரி விறகு கட்டப் போனவர் மாதிரிக் கையில் கயிற்றோடு நின்றார். ஐப்பசி பிறந்துவிட்டது. வயல் ஓர் உழவோடு கிடக்கிறது. இரண்டாம் உழவு இல்லாமல் விதைக்க முடியாது. இந்தக் கிழமை தப்பினால் காலபோக நெல் விதைப்பு இல்லை, காலபோகம் இல்லாவிட்டால் கடனுக்கு நிலமும் போகும்.

சனியும் ஞாயிறும் சுதாஜினி வீடு வீடாகப் போனார். கையில் துண்டுப்பிரசுரம் ஒன்றும் இல்லை. "நான் அந்தப் பிள்ளையின்ர தோட்டைக் கழட்ட வைச்சனான்" என்று தொடங்கினார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கழற்றிய தோடு ஒன்றோ, கழற்ற வைத்த தோடு ஒன்றோ இருந்தது.

ஆக, செவ்வாய்க்கிழமை உறுதிமொழி முடிந்து எல்லோரும் பாயில் இருந்தார்கள். கிருசாந்தன் கதிரையில் இருந்து புத்தகத்தை விரித்தார். ஒருவரும் காசு வைக்கவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. சேவல் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது.

"என்னக்கா, ஒருத்தரும் வைக்கேல்லை?"

"விமலாக்கா வைக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறம். அவவிட்டக் காசில்லை. மெசின் வந்தால் உழுது கட்டுவா," என்றார் சுதாஜினி.

"அது லீசிங். வேற பகுதி. எனக்கு அதில ஒண்டும் தெரியாது." அவர் பையைத் தூக்கினார். "நான் பிறகு வாறன்."

"எங்க தம்பி போறீங்கள்? எல்லாரும் கட்டி முடியுமட்டும் ஒருத்தரும் எழும்பக்கூடாதெல்லோ."

"அது உங்களுக்கு."

"நீங்களும் கையை நீட்டிச் சொன்னனீங்கள். ஒரு வருசமாச் சொல்லுறீங்கள். நாங்கள் உங்களைப் பாத்துத்தானே சொன்னது."

கிருசாந்தன் படலையைப் பார்த்தார். அது அகலத் திறந்து கிடந்தது. ஆனால் விறாந்தைப் படியிலிருந்து படலைவரைக்கும் பாய், பாய் முழுக்கப் பெண்கள், கால்களை நீட்டிக்கொண்டு. இருக்கிற பெண்ணின் காலைக் கடந்து போகிறவன் அந்தப் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. அவரும் முள்ளியவளையில் தாய் வளர்த்த பிள்ளைதான். திரும்பக் கதிரையில் இருந்து, முகாமையாளருக்குத் தொலைபேசி எடுத்தார்.

முகாமையாளர் பரமேஸ்வரன் பதினொரு மணிக்கு வவுனியாவிலிருந்து வெள்ளைக் காரில் வந்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், அந்த வெயிலில். பாய்கள் விலகி அவருக்கு வழி விட்டன. அவர் விறாந்தைக்கு ஏறியதும் பின்னால் மூடிக்கொண்டன. அதை அவர் கவனிக்கவில்லை, பேச்சை யோசித்துக்கொண்டிருந்தார்.

"நிதி ஒழுக்கம் என்பது," என்று தொடங்கினார், "ஒரு சமூகத்தின் முதுகெலும்பு."

பேசி முடித்துப் படியிறங்கியபோதுதான் கால் வைக்க இடமில்லை என்பது தெரிந்தது. பொலிசைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடுங்கோ சேர்," என்றார் சுதாஜினி. "நாங்கள் ஒருத்தரையும் கட்டி வைக்கேல்லை. படலை திறந்துதான் கிடக்கு. வாறவைக்கும் சேத்து உலை வைக்கிறம்."

உண்மையிலேயே குசினியில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும் வந்தன. முதல் சாப்பாட்டுக் கோப்பை முகாமையாளருக்குப் போனது. அவர் வேண்டாம் என்றார். பிறகு சாப்பிட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டார். விமலேஸ்வரிக்குச் சுதாஜினி தானே கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"அக்கா, அந்தத் தோட்டுக் கதை..."

"இரு, சாப்பிடு," என்றார் விமலேஸ்வரி. "நானும் போன வருசம் கௌசலா வீட்டுப் படலையில நிண்டனான்தானே. நீ எனக்குப் பின்னால நிண்டனி."

இரண்டு மணிக்கு யோகலிங்கம் வந்தார். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், பதினான்கு வருடமாக. சால்வை போடாமல் வீட்டுக் கிணற்றடிக்கும் போகமாட்டார் என்று சொல்லுவார்கள். மெசின் பறிபோன விசயம் கேள்விப்பட்டதும் இரவோடிரவாகப் பதினொரு பக்கத்தில் ஒரு கோரிக்கை மகஜர் எழுதியிருந்தார். கிராம அலுவலர் தொடக்கம் ஐக்கிய நாடுகள் சபை வரைக்கும் பிரதி போட்டிருந்தது. சாதாரண நாளில் அவர் பேச எழும்பினால் இந்தப் பெண்களுக்கு வீட்டில் பால் பொங்குகிற ஞாபகம் வரும். அன்று சுதாஜினி எழுந்து அவருக்குக் கதிரை போட்டார்.

"அண்ணை, முழுக்க வாசியுங்கோ. ஒரு சொல்லும் விடாமல். ஆறுதலா."

யோகலிங்கத்தின் வாழ்க்கையில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. கண்ணாடியைத் துடைத்தார். முதல் இரண்டு பக்கமும் சோழர் காலத்து நீர்ப்பாசனம். மூன்றாம் பக்கத்தில் வெள்ளைக்காரர் வந்தார்கள். ஐந்தாம் பக்கம் வாசிக்கையில் ஒரு மழை பெய்து ஓய்ந்தது, எல்லோரும் விறாந்தைக்குள் நெருங்கி இருந்தார்கள், முகாமையாளரின் மடியில் யாருடையதோ கைக்குழந்தை. அவர் தொலைபேசியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கிருசாந்தனைப் பார்த்தார். கிருசாந்தன் மகஜரைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாம் பக்கத்தில், உலக வங்கி தொடங்கிய இடத்தில், முகாமையாளர் குழந்தையை இறக்கிவிட்டு, பறித்த வாகனங்கள் நிற்கிற யார்டுக்குத் தொலைபேசி எடுத்தார்.

உலக வங்கிதான் அவரை அசைத்தது என்று யோகலிங்கம் இன்றைக்கும் சொல்கிறார். ஒருவரும் மறுப்பதில்லை.

மெசின் நாலரை மணிக்கு லொறியில் வந்தது. அறுவடைவரை அதில் கை வைப்பதில்லை, இனி ஒருத்தியின் தவணைக்கு இன்னொருத்தியைப் படலைக்கு அனுப்புவதில்லை என்று முகாமையாளர் கொம்பனித் தாளில் எழுதி ஒப்பம் வைத்தார். கிருசாந்தன் சாட்சிக்கு வைத்தார், கேட்காமலேயே. தை அறுவடைக்குப் பிறகு என்ன என்று அந்தத் தாளில் இல்லை. கடன் கடனாகத்தான் இருந்தது. விமலேஸ்வரி தாளை இரண்டு தரம் வாசித்து, மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு மெசினடிக்குப் போனார். மூன்றாம் சுற்றில் பிடித்தது.

முகாமையாளரின் கார் நூறு யார் தூரம் போனதும் வாய்க்கால் ஓரத்துக் களிச் சேற்றில் இறங்கியது. முடுக்க முடுக்க இன்னும் இறங்கியது. லொறி அதற்குள் போய்விட்டது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

ஒருவரும் உதவி கேட்கவில்லை. விமலேஸ்வரி மெசினைத் திருப்பிக்கொண்டு வந்து, காருக்கு முன்னால் நிறுத்தி, மாட்டுக் கயிற்றை இரண்டு மடிப்பாகப் போட்டுக் கட்டினார். சுதாஜினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போனார். மற்றவர்களும் போனார்கள். கிருசாந்தன் சப்பாத்தைக் கழற்றி வரம்பில் வைத்தார். யோகலிங்கம் குடையைப் பிடித்தபடி வலது, இடது என்று கட்டளை கொடுத்தார்.

கயிறு இறுகியது. வெள்ளைக் காரின் பின்பக்கம் முழுக்கக் கைகள். உள்ளே பரமேஸ்வரன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்கண்ணாடிக்கு அப்பால் மெசின் பிடித்திருந்த, களி தெறித்த ஒரு பெண்ணின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். மெசின் ஒரு தரம் கறுப்பாகப் புகைந்தது, பிறகு மூக்கைத் தாழ்த்தி இழுக்கத் தொடங்கியது.