பன்னிரண்டாம் படுக்கையின் மணி

சட்டையை ஊறவைப்பதற்கு முன் பையைத் துழாவிய மனைவி, வழக்கம்போல அந்த மஞ்சள் அட்டையை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். உள்ளங்கை அகலம், நடுவில் கறுப்பு மையில் ‘பழுது’ என்று எழுதியிருக்கும். ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியனான அவன், நோயாளிகளின் அழைப்புமணி ஏதாவது கெட்டுப்போனால் மாட்டிவிட்டு வரும் அட்டை. பதினான்கு மாதமாக அது ஒரு சட்டையிலிருந்து இன்னொரு சட்டைக்கு மாறிக்கொண்டே இருந்தது.

“இந்த வீட்ல என்னைவிட இதுக்குத்தான் மரியாதை. என்னை ஒருநாளாவது நெஞ்சோட வச்சுக்கிட்டு வேலைக்குப் போயிருக்கீங்களா?”

மற்ற நாளென்றால் சிரித்திருப்பான். இன்று டீயில் ஆடை படிவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“போதகருக்கு என்ன சொல்லப்போறீங்க? நாளைக்கு ஆராதனையில பேரு வாசிக்கணும்னாரே.”

நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கும் ஊழியத்துக்கு அவன் வேண்டுமென்று போதகர் கேட்டு ஒரு வாரமாகிறது. “எங்களை எல்லாம் வாட்ச்மேன் அஞ்சு மணிக்கு முன்னாடி உள்ள விடமாட்டேங்குறார். நீங்க நாள் முழுக்க வார்டுலதான சுத்துறீங்க?” என்று சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல், “ஒரு மாசமா ஜெபிக்கிறப்ப எல்லாம் உங்க முகந்தான் தம்பி வருது” என்றார். திருச்சபையில் ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பவன் அவன். அதன் முன்னால் ‘ஹலோ, ஹலோ’வுக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவன் தயங்கியது அதற்காக மட்டுமல்ல. ஆண்டவருக்கு ஆள் மாறிப்போச்சு என்றுதான் நினைத்தான்.

“அவரு கேட்டது தப்பான ஆளை” என்றான். பிறகு, அட்டையைப் பார்த்தபடியே, இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னான்.

பதினான்கு மாதத்துக்கு முன் ஒருநாள், பன்னிரண்டாம் படுக்கை அம்மாவின் மணி ஓயாமல் அடிக்கிறதென்று மூன்று முறை அவனை அழைத்தார்கள். மூன்று முறையும் மணியில் கோளாறில்லை. மூன்றாவது முறை அவன் சாவிக்கொத்தில் தொங்கிய சிலுவையைப் பார்த்துவிட்டு அந்தம்மா, “கொஞ்சம் உக்காருப்பா. எனக்காக ஒரு ஜெபம் பண்றியா?” என்றாள். “எனக்கு அதெல்லாம் வராதும்மா” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டான். வெட்கம். வெட்கத்தின் மேல் எரிச்சல். நர்ஸ் மேசைக்குப் பின்னாலிருந்த மணிகளின் ஒயர்ப் பெட்டியைத் திறந்து பன்னிரண்டின் ஒயரைக் கழற்றி, ‘பழுது’ அட்டையை மாட்டினான். சாயங்காலம் திரும்பப் பொருத்திவிடலாமென்று நினைத்தான். சாயங்காலம் வந்தபோது அந்தப் படுக்கையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒயரைப் பொருத்திவிட்டு அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு நர்சம்மா சொன்னாங்க. என்னை யாரும் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாக்கூட…” அவன் நிறுத்தினான். “அதுக்கப்புறம் எத்தனை தடவை அழுத்துனாங்களோ தெரியாது.”

மனைவி சட்டையை வாளியில் அமுக்கிவிட்டு நிமிர்ந்தாள். சும்மா விடுங்க, உங்க மேல என்ன தப்பு என்று சொல்வாளென எதிர்பார்த்தான். அதற்கு மறுப்பும் தயாராக வைத்திருந்தான்.

“தப்புதாங்க” என்றாள்.

அவனுக்கு ஏனோ மூச்சு சீராக வந்தது.

“பெரிய தப்பு. அதை என்கிட்ட மறைச்சது இன்னொண்ணு. அதுக்கு அப்புறமா சண்டை போடுறேன். ஆனா அந்தம்மாவுக்குக் குடுக்காததை, இனிமே கேக்குறவங்களுக்கும் குடுக்கமாட்டேன்னா அது என்னங்க நியாயம்?”

துவைத்து வைத்திருந்த இன்னொரு சட்டையை அவனிடம் நீட்டினாள். அட்டையை அவள் எடுக்கவில்லை. அவனே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

மதியம் நர்சம்மா கூப்பிட்டாள். “பெல்லுக்காரரே, நாலாம் நம்பர் உயிரை வாங்குது. மருந்து குடுத்தாச்சு, டாக்டரும் பாத்தாச்சு. செத்தநேரம் கழட்டி விடுங்களேன், புண்ணியமாப் போகும்.”

பெட்டியின் கதவில் கைவைத்துவிட்டான். பையில் அட்டையின் முனை குத்தியது. கையை எடுத்துக்கொண்டு நாலாம் படுக்கைக்கு நடந்தான்.

அகலமான கைகளுள்ள ஒரு பெரியவர், லாரி ஓட்டியவராம், மணியின் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி படுத்திருந்தார். படுக்கைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அழைப்புக்கு வந்தவர் சுவரிலுள்ள பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் அது அணையும்.

“பெல்லு நல்லாத்தான்பா இருக்கு. நான்தான் அழுத்துறேன்.”

“என்ன வேணுங்கய்யா?”

“என்ன வேணும்னு தெரிஞ்சா நேரா கேட்டிருக்க மாட்டேனா?”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அது தரையில் கீச்சிட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டதுபோலிருந்தது.

“ஒரு ஜெபம் பண்ணட்டுங்களா? எனக்குச் சரியா வராது.”

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “எனக்குந்தான் ரிவர்ஸ் சரியா வராது. முப்பது வருசம் லாரி ஓட்டலையா? ஆரம்பி.”

கண்ணை மூடினான். ‘ஆண்டவரே’ என்று வந்தது, ஒலிபெருக்கியைச் சோதிக்கும் அதே குரலில். அடுத்து இந்தப் பெரியவரைப் பற்றித்தான் சொல்லப்போனான். வாய் வேறொன்றைச் சொன்னது.

“ஆண்டவரே… பன்னெண்டாம் படுக்கையில ஒரு அம்மா இருந்தாங்க…”

கட்டில் லேசாக அசைந்தது. பெரியவரின் கை பொத்தானை விட்டு வந்து, கனமாக, அவன் மணிக்கட்டின் மேல் படிந்தது. இருவர் தலைக்கும் மேலே விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க யாரும் எழுந்திருக்கவில்லை.