நெட்டையக்காவின் ஸ்டூல்

விடிவதற்கு முன்பே சலவைக்கூடத்தில் நீராவி ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்த படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. நெட்டையக்கா வலது காலை அழுத்தி ஊன்றி, இடது காலைத் தரையில் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு இஸ்திரி போட்டாள். மூன்று மாதத்துக்கு முன் இதே இடத்தில், குழாய் ஒழுகி நனைந்த தரையில் வழுக்கி விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிந்துபோனது. குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

டாக்டர் சீட்டில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மணிக்குப் பத்து நிமிடம் உட்கார ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். சட்டப்படி மறுக்க முடியாது என்பதால் முதலாளி முனகிக்கொண்டே கொடுத்தார். இன்று அந்த ஸ்டூலைக் காணோம். எங்கே என்று கேட்டதற்கு, சூப்பர்வைசர் அவளை அலுவலகத்துக்கு வரச்சொன்னான்.

முதலாளி கையில் போன் இருந்தது. அதில் நெட்டையக்காவின் நாத்தனார் மகளுடைய கல்யாணப் படம். மணப்பெண் பக்கத்தில் நெட்டையக்கா நிமிர்ந்து நின்று சிரிக்கிறாள். அன்று முழுக்க அவள் நாற்காலியை விட்டு நகரவில்லை. "படத்துக்காவது எந்திரிங்க அண்ணி" என்று நாத்தனார்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். பிறகு பெருமையோடு அதை ஃபேஸ்புக்கில் போட்டு, இவள் பெயரையும் சேர்த்துவிட்டாள். ஷிப்ட் பட்டியல் அதில்தான் வரும் என்பதால் கூடத்தில் அத்தனை பேரும் அங்கே சூப்பர்வைசருக்கு நண்பர்கள். நல்ல நட்பு! படம் அவன் வழியாக நேரே முதலாளியிடம் போய்விட்டது.

படத்தின் கீழே, கிழிந்த துணி தைக்கும் தையல்காரி கேலியாக எழுதியிருந்ததை முதலாளி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "எங்க நெட்டையக்கா நின்னா நாள் பூரா நிப்பாங்க."

"கூட வேலை செய்யறவளே சாட்சி சொல்லிட்டா. கொடுத்தது பொய்ச் சீட்டுன்னு எழுதிக் கொடுத்துட்டு நீயே போயிடு. இல்லைன்னா நாளைக்கு நான் அனுப்பிடுவேன்."

"அது ஒரு நிமிஷம் நின்னது சார். இங்க பத்து மணி நேரம்."

"சிரிச்சுக்கிட்டு நிக்கிறியே."

"கல்யாண வீட்டுல அழுதுக்கிட்டா நிப்பாங்க?"

விழுந்த அன்று ஒரு வார்த்தை விசாரிக்காத மனிதர், அவள் சிரிப்பை மட்டும் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார். நெட்டையக்கா எழுதிக் கொடுக்காமலே வெளியே வந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் நடந்ததைச் சொன்னபோது தையல்காரி சோற்றைத் தள்ளி வைத்தாள். விளையாட்டுக்கு எழுதியது இப்படி ஆகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"உன் மேல கோவமே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் நெட்டையக்கா. "ஆனா ஸ்டூலைத் தூக்கினது நீ இல்லை."

துணி மடிக்கிற கர்ப்பிணி, தானும் ஒரு மாதமாக ஸ்டூல் கேட்கப் பயந்துகொண்டிருப்பதாக மெல்லச் சொன்னாள். ஒருத்திக்கு இடுப்பு வலி, ஒருத்திக்குக் காலில் நரம்புச் சுருட்டல். ஒவ்வொருத்தியும் வாயைத் திறந்தாள். தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நாளைக்கு ஆளுக்கொரு ஸ்டூல் எடுத்துட்டு வருவோம்."

மறுநாள் இருட்டு பிரியும்போது முப்பது பெண்கள் கேட்டில் நின்றார்கள். மர முக்காலி, பிளாஸ்டிக் நாற்காலி, கால் ஆடுகிற பழைய ஸ்டூல், ஒன்றும் கிடைக்காதவள் கையில் கவிழ்த்துப் போட ஒரு வாளி. காவலாளி பூட்டைத் திறக்கவில்லை. முதலாளி கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ஸ்டூலை வெளிய போட்டுட்டு வர்றவங்களுக்குத்தான் வேலை."

"ஸ்டூல் உள்ள வந்தா நாங்களும் வருவோம்" என்றாள் தையல்காரி. "அந்தப் படத்துக்குக் கீழ எழுதினது நான். முதல்ல என்னை அனுப்புங்க பார்க்கலாம்."

அழுக்குத் துணி ஏற்றிய லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்தது. நெட்டையக்கா தன் முக்காலியைக் கேட்டுக்கு நேரே போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். வேலை போகுமா இருக்குமா என்று தெரியாது. முழங்காலுக்கு மட்டும் நிம்மதியாக இருந்தது. முப்பது பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். தையல்காரி போனை உயர்த்தினாள். பழக்கத்தில் நெட்டையக்கா எழப்போனாள்.

"எந்திரிக்காதீங்க அக்கா."

தையல்காரி படம் எடுத்தாள். நெட்டையக்கா கேட்டுக்குள் பார்த்தபடியே சொன்னாள்.

"சூப்பர்வைசர் பேரையும் அதுல சேத்து விடு. நம்ம நண்பராச்சே."