கறுப்புக் கல்

புற்றுமண்ணைக் கல்லில் தூவியது நானா, என் மனைவி இசக்கித்தாயா என்பது எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. தான்தான் என்று அவள் கடைசிவரை சொன்னாள். என் நினைவில் என் விரல்கள்தான் இருக்கின்றன. வருஷம் ஐம்பதா, ஐம்பத்தொன்றா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. திங்கட்கிழமை என்பது மட்டும் நிச்சயம். டாக்டர் திங்கட்கிழமைகளில்தான் சங்கரன்கோவிலுக்கு வருவார். நாலு மணி பஸ்ஸில் ராஜபாளையம் திரும்பிவிடுவார்.

என் மகள் பேச்சிக்கு ஐந்து வயது. வலது காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கி, காது முன்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. எட்டு நாள் காய்ச்சல். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் எலும்புவரை போயிருக்கிறது, இன்றே கீற வேண்டும் என்றார். அந்தப் பக்கத்து முடியை மழுங்க எடுத்து மூன்று மணிக்குள் கொண்டுவரச் சொன்னார்.

"கத்திக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு முடி எடுக்கச் சொல்லியா கொடுக்கணும்?" என்று கம்பவுண்டர் சிரித்தார். அப்போது மணி பதினொன்று.

வீட்டுக்கு வந்து கத்தரியால் வெட்டினேன். பிறகு சவரக்கத்தியை வைத்தேன். வீக்கத்தின் மேல் தோல் தமுக்குப் போல இழுத்துக்கொண்டிருந்தது. கத்தி முடியை அறுக்கவில்லை, பிடித்து இழுத்தது. பேச்சி போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

குற்றம் கத்தியில் இல்லை. தீட்டும் கல் நடுவில் குழிந்திருந்தது. குழிந்த கல்லில் தீட்டினால் விளிம்பு உருண்டுபோகும். தோல்வாரில் எத்தனை இழுப்பு இழுத்தாலும் கூர் நிற்காது. பெரியவர்களின் தாடைக்கு அதை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கல் வந்த கதையைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு வடநாட்டுக்காரன் துணி விரித்துக் கல் விற்றான். இசக்கியின் அண்ணன் மூக்காண்டியும் நானும் சேர்ந்துதான் போனோம். எங்கள் தொழிலுக்கு ஆகிற கல் இரண்டே இரண்டு இருந்தன. ஒன்று நல்ல கறுப்பு, கண்ணாடி மாதிரி வழவழப்பு. மற்றது பச்சை பாய்ந்த சாம்பல் நிறம், குறுக்கே ஒரு வெள்ளை நரம்பு. மூக்காண்டி கறுப்பின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் எடுப்பதற்கு முன் நான் அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். அவன் பச்சைக் கல்லை எடுத்துக்கொண்டு தனியாக நடந்தான். அன்றோடு பேச்சு நின்றது. கறுப்புக் கல் தண்ணீரை உறிஞ்சியதைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான், உறிஞ்சுகிற கல் சீக்கிரம் தேயும் என்பது, அது குழியத் தொடங்கிய பிறகு எனக்குப் புரிந்தது. போய்ச் சொல்ல மனம் வரவில்லை.

"எங்கண்ணனக் கூப்பிடுங்க," என்றாள் இசக்கி.

"கல்லச் சமம் பண்ணிருதேன். ஒரு மணி நேரம்."

"நான் போயிக் கூட்டிட்டு வாரேன்."

"போனா அங்கனயே இருந்துக்க."

அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கல்லின் முகத்தில் கரியால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டேன். துவைகல்லில் சலித்த மணலையும் தண்ணீரையும் விட்டு, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தேன். கோடுகள் எல்லாம் அழிந்தால் கல் சமம் என்று அர்த்தம். ஓரத்துக் கோடுகள் உடனே போயின. நடுவில் இருந்தவை அப்படியே இருந்தன. தேய்த்தேன். கழுவிப் பார்த்தேன். மறுபடியும் தேய்த்தேன். பேச்சி அழுவதை நிறுத்தியிருந்தாள். அது அழுகையைவிடப் பயமாக இருந்தது. கடைசிக் கோடு போனபோது வெயில் முற்றத்தைத் தாண்டியிருந்தது.

ஆனால் மணலில் தேய்த்த கல் சொரசொரப்பாக இருக்கும். செங்கலை இடித்து, துணியில் சலித்து, அந்தத் தூளில் இன்னொரு முறை தேய்க்க வேண்டும். அதற்கு நேரம் இல்லை. மாடத்தில், பேச்சிக்குப் பூசுவதற்காகக் கோமதியம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்த புற்றுமண் பொட்டலம் இருந்தது. மாவு போல இருந்தது.

"அம்மன் மண்ணு, வலிக்காது," என்று எங்களில் யாரோ சொன்னோம். மண்ணுக்குள் மணல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே தேய்த்தேன்.

கத்தியைத் தீட்டி என் முன்கையில் வைத்துப் பார்த்தேன். ரத்தக் கோடு விழுந்தது. வெளிச்சத்தில் திருப்பினேன். விளிம்பில் மூன்று இடத்தில் பல் விட்டிருந்தது.

ஓடினேன். மூக்காண்டி கடையில் துணிக்கடைச் சங்கரசுப்பிரமணியன் பாதி முகத்து நுரையோடு உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்றேன். பேச்சியின் காது விஷயம் அவனுக்கும் எட்டியிருந்தது. மூக்காண்டி என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தான். தன் கத்தியைத் துடைத்து, பச்சைக் கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு இறங்கினான்.

"ஏலே, ஒத்தக் கன்னத்தோட என்னய விட்டுட்டு எங்கன போற?"

"இருங்க அண்ணாச்சி. மத்தக் கன்னம் எங்கயும் போயிராது."

வீட்டில் என் கல்லின் மேல் விரலை ஓட்டினான்.

"இதுல என்ன போட்ட மாப்ள?"

"அம்மன் மண்ணு."

கத்தியைத் தன் கல்லில் இருபுறமும் இழுத்துக்கொண்டே, "அது பூசுததுக்கு. தேய்க்கதுக்கு இல்ல," என்றான்.

"நாந்தாண்ணே போட்டேன்," என்றாள் இசக்கி.

அவன் கத்தி பேச்சியின் தலையில் போனது அவளுக்கே தெரியவில்லை. நாலு இழுப்பில் முடிந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் ஓடினோம். ஆஸ்பத்திரித் திருப்பத்தில் நாலு மணி பஸ் எங்களைக் கடந்து போனது. மூக்காண்டி அதன் பின்னால் கத்திக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினான். பஸ் நிற்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். அங்கே கீறினார்கள். நேற்றே கீறியிருந்தால் காது தப்பியிருக்கும் என்றார்கள்.

பேச்சி பிழைத்தாள். வலது காது கேட்காது. ராயகிரியில் கட்டிக்கொடுத்தோம், மூன்று பிள்ளைகள். மூக்காண்டி போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அவன் மகன் பச்சைக் கல்லை இன்னும் வைத்திருக்கிறான். இசக்கி போன தை மாதம் இறந்தாள். கறுப்புக் கல்லை அந்த வாரமே கிணற்றில் போட்டுவிட்டேன். நான் பேச்சியின் வீட்டில் இருக்கிறேன், அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்து பேசுகிறேன்.