தலை தட்டும் அறை

வித்யாலக்ஷ்மியின் வேலை, சொற்களுக்கு விளக்கம் எழுதுவது. வங்காளத் தலைநகரின் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு சிறிய நிறுவனம். நகரத்தின் பழைய கட்டடங்களை ஒரே மாதிரியாகக் கம்ப்யூட்டரில் பதிந்துவைக்கும் திட்டம் அவர்களுடையது. ஒருவர் ஹால் என்று எழுதுவதை இன்னொருவர் கூடம் என்று எழுதினால் எல்லாம் குழம்பிவிடும். அதனால் மாடி என்றால் என்ன, அறை என்றால் என்ன என்று அவள் வரையறுத்துக் கொடுப்பாள். அளவெடுப்பவர்கள் அதன்படி பதிவார்கள். ஆபத்து நேரத்தில் தீயணைப்பு வீரர்கள் போனில் திறந்து பார்க்கும் வரைபடம் அதிலிருந்துதான் உருவாகும்.

அறை என்ற ஒரு சொல்லுக்கே நான்கு நாள் பிடித்தது. சுவரோ தடுப்போ சூழ்ந்தது, வாசல் உள்ளது, ஒருவர் நிமிர்ந்து நிற்கக்கூடியது என்று கடைசியில் எழுதினாள். இதில் சேராதது வெற்றிடம். வெற்றிடங்கள் வரைபடத்தில் தெரியாது.

போன டிசம்பரில், அளவெடுக்கும் தினேஷ்குமார் பவானிபூரிலிருந்து போனில் கூப்பிட்டான். கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்த பையன். அவளை வங்காளிகள் மாதிரி வித்யாதி, அதாவது வித்யா அக்கா, என்பான்.

"வித்யாதி, இங்க ஒரு டிபன் கடை. கிச்சனுக்கு மேல பரண் மாதிரி இருக்கு. இரும்பு ஏணி. நாலடி ஹைட்தான். பாய், தலகாணியெல்லாம் கெடக்கு. என்ன போடறது?"

"நிமிர்ந்து நிக்க முடியுமா?"

"குனிஞ்சுதான் போணும்."

"அப்ப ரூம் இல்ல. வெற்றிடம்னு போடு."

அவ்வளவுதான் பேச்சு. அந்தக் கடை அவளுக்குத் தெரிந்த கடை. டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ரவா தோசை சாப்பிடுவாள். தோசை மாஸ்டர் மாரியப்பன் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். "அம்மாவுக்கு முட்டுவலி எப்படிம்மா இருக்கு?" என்று மறக்காமல் கேட்பார். அவர் எங்கே தங்குகிறார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

பிப்ரவரியில், பகல் மூன்று மணிக்கு அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்தது. கீழே மின்சாரப் பெட்டியிலிருந்து பரவிய தீ. மதியச் சாப்பாடு முடிந்து கடை மூடியிருந்த நேரம். தீயணைப்பு வீரர்கள் வரைபடத்தைப் பார்த்து, புகைக்குள் ஒவ்வோர் அறையாகப் போய்த் தேடினார்கள். ஏணி புகையில் தெரியவில்லை. உள்ளே யாரும் இல்லை என்று வெளியே வந்தார்கள். காய்கறி வாங்கப் போயிருந்த சர்வர் திரும்பி வந்து, "மாஸ்டர் மேல தூங்கறாரு!" என்று அலறியபோது அரை மணி நேரம் ஆகிவிட்டிருந்தது.

தினேஷ்குமார்தான் போனில் சொன்னான். சொல்லிவிட்டு அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. கம்ப்யூட்டரில் அந்தக் கட்டடத்தைத் திறந்தாள். சமையலறைக்கு மேலே ஒன்றுமே இல்லை.

மறுநாள் மீட்டிங்கில் மேலாளர், "நம்ம விளக்கத்துல தப்பு இல்ல. அங்க ஆள தங்க வெச்சது கடைக்காரர் தப்பு" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் அவளால் அன்று சாப்பிட முடியவில்லை.

மாரியப்பனின் மனைவி தமிழரசி ரயிலேறி வந்து, லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் தங்கியிருந்தாள். காரியங்கள் முடிந்த பிறகு வித்யாலக்ஷ்மி போனாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தது எதுவும் அங்கே உதவவில்லை.

"அக்கா, அவர் படுத்திருந்த இடத்த ரூம் இல்லன்னு நான்தான் எழுதச் சொன்னேன். ரூம்னு எழுதியிருந்தா மேல போய்ப் பாத்திருப்பாங்க."

தமிழரசிக்கு முதலில் புரியவில்லை. இரண்டாம் முறை மெதுவாக விளக்கியதும் புரிந்தது.

"ரூம் இல்லியா?" என்றாள். "தெனமும் போன்ல, 'ரூமுக்கு வந்துட்டேன், சாப்ட்டியா'ன்னுதான கேப்பாக. பதினோரு வருசமா அப்படித்தான் சொன்னாக. நான் கட்டிலு, சன்னல் எல்லாம் இருக்கும்னுல்லா நெனச்சேன்."

பிறகு, "எனக்கு அத பாக்கணும்" என்றாள்.

இருவரும் போனார்கள். காவலுக்கு நின்றவர் முதலில் மறுத்து, தமிழரசியின் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். சுவரெல்லாம் கரி. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தமிழரசி ஏணியில் ஏறினாள். பின்னால் ஏறிய வித்யாலக்ஷ்மியின் தலை கூரையில் இடித்தது. நிற்க முடியாமல் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒரு மூலையில் கருகிய பாய்த் துண்டு; ஆணியில் உருகிப்போன கண்ணாடிச் சட்டம். தமிழரசி தரையைக் கையால் தடவினாள். தடவிய இடத்தில் சிமெண்ட் வெளுத்துத் தெரிந்தது.

"இங்கன உக்காந்துதான் பேசியிருக்காக" என்றாள். வித்யாலக்ஷ்மிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தமிழரசி அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை.

இறங்கி வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மட்டும், "நீ வந்து சொல்லாம இருந்திருக்கலாம் தாயி. எனக்குத் தெரியாமலே போயிருக்கும்" என்றாள். அது நன்றியா, வருத்தமா என்று வித்யாலக்ஷ்மி கேட்கவில்லை.

விளக்கத்தை மாற்ற ஏழு வாரம் ஆயிற்று. உயரம் எவ்வளவானாலும், ஒரு மனிதர் தங்குகிற, தூங்குகிற இடம் எதுவும் அறைதான் என்று எழுதினாள். கூடுதல் வேலை என்று மேலாளர் இழுத்தடித்தார். தினேஷ்குமார், பார்த்த கட்டடங்களுக்கே மறுபடி போனான். பவானிபூரில் மட்டும் முப்பத்தெட்டுப் பரண்கள். படிக்கட்டுக்கு அடியில் படுப்பவர்கள் வேறு.

புது வரைபடம் வெளிவந்த அன்று வித்யாலக்ஷ்மி சங்கரன்கோவிலுக்குப் போன் செய்து விவரம் சொன்னாள்.

"நல்லது தாயி" என்றாள் தமிழரசி. "இனி மத்தவுகளயாவது தேடுவாகல்ல?"

"தேடுவாங்க அக்கா."

"சரி, வைக்கட்டா? மழை வருது. துணி காயுது வெளிய."