வாழைக்கன்று கட்டிய வேன்

முனிராஜ் நாசமாய்ப் போக வேண்டும். இரண்டு வருஷமாகச் சாமுண்டியம்மனிடம் எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

மைசூரில் அவர் மருந்து மொத்த வியாபாரி. எங்கள் பக்கத்துச் சின்னக் கடைகளுக்கு இன்சுலின் வர வேண்டுமென்றால், அவருடைய குளிர் அறையிலிருந்துதான் வர வேண்டும். கம்பெனி இந்தச் சுற்று வட்டாரத்துக்கு அவர் ஒருவருக்குத்தான் சரக்கு அனுப்பும். நான் குண்டலுபேட்டையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். இன்சுலின் கேட்டால், யாரும் சீந்தாத ஒரு டானிக்கையும் பெட்டி பெட்டியாக நம் தலையில் கட்டுவார். ஒருமுறை அந்த டானிக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து, "ஸ்டாக் இல்லாம்மா, ஏன் மாடோது, என்ன பண்றது?" என்பதுதான் பதில்.

என் தம்பி பிரசாந்துக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. கட்டிடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். ஊசி இல்லாவிட்டால் அவன் உடம்பு ஓடாது. ஊரெல்லாம் தட்டுப்பாடு வந்தபோது மைசூருக்கு ஓடி, முனிராஜின் மேஜை முன்னால் நின்று அழுதேன்.

"உள்ள இருந்தா உனக்குக் குடுக்காம வெச்சுக்குவேனா?" என்றார்.

நான் படியிறங்கும்போதே, பின்வாசலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வண்டியில் இன்சுலின் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அவர்கள் டானிக்கையும் சேர்த்து வாங்குகிறவர்கள். பிரசாந்த் எங்களிடம் சொல்லாமல், மிச்சமிருந்த மருந்தைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டான். நினைவில்லாமல் கிடந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். துணி சுற்றிக் கொடுத்தார்கள்.

சபித்தால் மட்டும் ஆகுமா? சாமராஜநகர் கௌரம்மாவும் நானும் ஊர் ஊராகப் போய்ச் சின்னக் கடைக்காரர்களைச் சேர்த்தோம். மூடிக் கிடந்த பால் பண்ணையின் குளிர் அறையை வாடகைக்குப் பிடித்துச் சரிசெய்தோம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுகிறோம், நேராக எங்களுக்கே கொடுங்கள் என்று கம்பெனி மேலாளர் பரத்வாஜிடம் போய் நின்றோம்.

"முனிராஜ் குளிரை ஒழுங்கா வெச்சிருக்கற வரைக்கும் அவரை மாத்த முடியாதும்மா. என் கையில எதுவும் இல்ல" என்றார் அவர்.

சரி, குளிரைத்தானே சொல்கிறாய் என்று மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜையன்று கடைக்காரர்கள் எல்லோரும் மொத்த வியாபாரியின் கிடங்குக்குப் போய்ப் பிரசாதம் வாங்க வேண்டும். போகாவிட்டால் அதற்கும் சேர்த்து மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார். நானும் போனேன். கிடங்கையே கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். குளிர் அறையின் கதவு விரியத் திறந்து கிடந்தது. நிறுத்திவைத்த குளிர் மெஷினுக்கு விபூதிப் பட்டை, குங்குமம், மாலை. முனிராஜின் அப்பா மாவு மில் வைத்திருந்தவர். பூஜை போட்ட மெஷினை மறுநாள் விஜயதசமி பூஜை முடியாமல் ஓட்டக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். வருஷா வருஷம் தசராவுக்கு முன்னால் இவர் அறையைக் காலி செய்துவிடுவார், அதனால் வம்பில்லை. இந்த வருஷம் மறுபடி தட்டுப்பாடு வரும் என்று மோப்பம் பிடித்து, வாங்கிக் குவித்திருந்தார்.

அத்தனை பெட்டியும் எங்கே? வெளியே நட்ட நடு வெயிலில் வேன் நின்றது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சை, முன்னால் உடைத்த பூசணி. வேனுக்கும் பூஜை போட்டாயிற்று, அதுவும் நகராது. பின்கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தேன். உள்ளே இன்சுலின் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. தகரத்தில் கை வைத்தேன், சுட்டது.

எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் வேனையும் உள்ளே இருந்த பெட்டிகளையும் எடுத்தேன். முனிராஜ் பொரியும் கடலையும் கொடுத்தார். "நல்லா இருங்க சார்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அங்கேயே கத்தியிருக்கலாம். கத்தினால் பெட்டிகளை உள்ளே தள்ளிவிட்டு மேலும் ஒரு வருஷம் எங்களை ஆட்டிவைப்பார். கழுத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும். மறுநாளும் வெயில் கொளுத்தியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

விடுமுறை முடிந்து கிடங்கு திறக்கும் முன்பே வாசலில் நின்றுவிட்டேன், ஒரு பெட்டி வெளியே போகக் கூடாது என்று. கௌரம்மா பரத்வாஜைக் கையோடு கூட்டி வந்தாள். பெட்டிகள் திரும்பக் குளிர் அறைக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. ஜில்லென்று இருந்தது. ஆனால் ஒருமுறை வெயிலில் வெந்த இன்சுலினை எத்தனை குளிர வைத்தாலும் போன வீரியம் திரும்பாது.

பரத்வாஜ் என் படத்தைக் காட்டிக் கேட்டார். முனிராஜ் சிரித்தார்.

"நோடி சார், இங்க பாருங்க, ஒரு மணி நேரம் வெளிய வெச்சோம், அவ்வளவுதான். மருந்து ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கு. இந்தம்மா சும்னே கலாட்டா பண்ணுது."

முனிராஜுக்கும் சர்க்கரை உண்டு. சாப்பிடுமுன் மேஜையிலேயே சட்டையைத் தூக்கி ஊசி போட்டுக்கொள்வது ஊருக்கே தெரியும். போட்டுக்கொள்கிற மருந்து அவர் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து வரும். அவர் சாப்பாட்டு அடுக்கு டப்பாவைத் திறக்கும் நேரம் வரைக்கும் காத்து நின்றேன். அப்புறம் குளிர் அறைக்குள் போய், ஒரு பெட்டியைக் கிழித்து, ஒரு குப்பியை எடுத்து வந்து அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் மருந்துதானுங்களே சார்? இன்னைக்கு இதையே போட்டுக்கங்க. இனிமே தினமும் இதுலயே போடுங்க. நான் பேசாமப் போயிடறேனுங்க."

முனிராஜ் குப்பியை எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பரத்வாஜைப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

"அடுத்தவங்க உடம்புன்னா ஏறும், உங்க உடம்புன்னா ஏறாதா? த்தூ!" என்றாள் கௌரம்மா.

பரத்வாஜ் அறையைப் பூட்டிச் சீல் வைத்தார். அத்தனையும் அழிக்கப்படும், இனிமேல் சரக்கு பால் பண்ணைக்கே வரும் என்று அங்கேயே போனில் சொன்னார். எங்கள் கடைகளுக்கு மருந்து, டானிக் இல்லாமல்.

நான் வாசல் தாண்டும்போது முனிராஜ் ஓடி வந்து வழியை மறித்தார். முகமெல்லாம் வியர்வை.

"பூஜையன்னைக்கே பார்த்தியல்லா தாரணி? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாத்தையும் காப்பாத்தியிருப்பேனே. மனுஷிதானா நீ?"

"நான் அழுதுட்டு நின்னப்ப, உள்ள இருக்குதுன்னு நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.