சாக்பீஸ் பிடித்த கை

கணிதத் துறையில் பெண்களுக்காக வரிந்து கட்டிக்கொண்டு நிற்பவர் யாரென்றால் பேராசிரியைதான். தேர்வுக்குழுவில் எவராவது "பொண்ணுங்களுக்குக் கணக்கு..." என்று இழுத்தால் போதும், அன்றைக்குக் கூட்டம் லேசில் முடியாது. துறைத்தலைவர் அவரைத் தூரத்தில் கண்டாலே வேறு மாடிப்படியில் ஏறிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் அன்று காலை இரண்டு பரிந்துரைக் கடிதங்களை அனுப்பியிருந்தார். ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருந்தது ஒரே ஓர் இடம். அதற்கு அவருடைய மாணவர்கள் இருவர் விண்ணப்பித்திருந்தார்கள். நெட்டையனுக்கு, "அபாரமான கற்பனை, யாருக்கும் தோன்றாத வழி" என்று எழுதினார். நோட்டுக்காரிக்கு, "கடும் உழைப்பாளி, நேரம் தவறாதவள்" என்று எழுதினார். இந்த இடமும் கைநழுவினால் படிப்பை விட்டுவிட்டு ஏதாவது வேலைக்குப் போவதாக அவள் வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தாள். அது பேராசிரியைக்கும் தெரியும். இருந்தாலும் உள்ளதைத்தானே எழுத முடியும்.

மதியம் வராந்தாவில் நெட்டையன் எதிர்ப்பட்டான். அவனும் நோட்டுக்காரியும் சேர்ந்து எழுதிய நிரூபணத்தின் நான்காம் படி எப்படித்தான் தோன்றியது என்று சும்மா கேட்டு வைத்தார்.

"அது அவ சொன்னது மேடம்," என்றான். "பாதிக்கு மேல அவ சொல்லச் சொல்ல நான் போர்டுல எழுதினதுதான். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"அப்ப அவ ஏன் ஒருநாள்கூட போர்டு பக்கம் வரலை?"

"நீங்கதானே மேடம் அப்படிப் பிரிச்சு விட்டீங்க."

வாஸ்தவம்தான். முதல் வாரமே, "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு, நீ நோட்டு எடு. அவன் உயரம், போர்டுல எழுதட்டும்" என்று சொன்னவர் அவர். நெட்டையன், நோட்டுக்காரி என்று பட்டப்பெயர் வைத்ததும் அவரேதான்.

அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருடமாக அவள் குரல் காதில் விழவே இல்லையா? விழுந்தது. நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இதை ரெண்டாப் பிரிச்சா?" என்று அவள் கேட்டது நன்றாக நினைவிருந்தது. அவள் கேட்டபோது அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டார். அவன் எழுதியதும் சபாஷ் போட்டார். தான் ஆயுசு முழுக்கச் சண்டை போட்ட ஆட்களும் இப்படித் தெரியாமல்தான் செய்தார்களா, இல்லை தெரிந்தேவா? தெரியாமல் செய்தால் அது வேறா? ஒன்றும் பிடிபடவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடக் குழப்பமாக இருந்தது.

நிறுவனத்துக்குப் போன் செய்தார். ஐந்து மணிக்குள் கடிதங்களை மாற்றலாம், ஆனால் காரணம் எழுத வேண்டும், அதைக் குழு படிக்கும் என்றார்கள்.

இரண்டு கடிதங்களையும் புதிதாக எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் "புதிய தகவல் கிடைத்தது" என்று அடித்தார். பிறகு அழித்தார். தகவலில் என்ன புதுசு? அவள் சொன்னபோதெல்லாம் அவரும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது, "சாக்பீஸ் யார் கையில் இருக்கிறது என்று மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று எழுதி அனுப்பினார்.

எதிரே, பதினேழு வருடமாக அவர் எழுதிய பரிந்துரைக் கடிதங்களின் நகல்கள் இருந்த அலமாரி. சாவி மேசைமேல்தான் கிடந்தது. எடுக்கத் துணிவு வரவில்லை.